மான்செஸ்டருக்குத் தெற்கே மட்டும் செத்தவர்

ஸ்ட்ராபெரிக்கு ஜூன், நெருப்புப் பட்டாசுக்கு நவம்பர் என்பதுபோல, நகைச்சுவைக்காரர்களின் அப்பாக்களுக்கு ஆகஸ்ட். எடின்பரோ நகைச்சுவை விழா நடக்கும் அந்த ஒரு மாதத்தில் சாகிற அளவுக்கு அப்பாக்கள் வருடத்தின் மற்ற பதினோரு மாதங்களிலும் சேர்த்துச் சாகமாட்டார்கள்.

நிகழ்ச்சி ஒரு மணி நேரம். முப்பத்தொன்பது நிமிடம் ஆள் சிரிக்கவைப்பான். நாற்பதாவது நிமிடம் விளக்கு நீலமாகும். நின்றவன் ஸ்டூலில் உட்காருவான். குரல் இறங்கும். யாராவது சாவார்கள், பெரும்பாலும் அப்பா. விமர்சகர்கள் பேனாவை மூடிவிட்டு மூக்கைச் சிந்துவார்கள். சிந்திய மூக்குக்கு ஐந்து நட்சத்திரம், சிந்தாத மூக்குக்கு மூன்று. இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. வட இங்கிலாந்தில், போல்டன் ஊர்ச் சந்தையில் திரைச்சீலைத் துணி விற்றவரின் மகன் நான். சந்தை எதைக் கேட்கிறதோ அதை அடுக்கிவைக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் முப்பது வருடமாக நகைச்சுவைக்காரர்களுக்கு ஏஜென்டாக இருக்கிறேன்.

டீன் ஹிண்டில் என் ஆள். எங்கள் துணிக்கடைக்கு எதிர்க்கடை, பீங்கான் வியாபாரி வில்ஃப் ஹிண்டிலின் ஒரே மகன். எட்டு வினாடிக்கு ஒரு சிரிப்பு என்று கணக்காக வைப்பான். "எங்கப்பா பீங்கான் கடை வச்சிருக்கார். வீட்டுல நாங்க காகிதத் தட்டுலதான் சாப்பிட்டோம். உடையறதை விக்கணும்டா, வச்சுக்கக் கூடாதுன்னு சொல்வார்." இப்படி ஒரு மணி நேரம், மூச்சு விடாமல். ஐந்து வருடம் எடின்பரோவில் அவனுக்கு மூன்று நட்சத்திரம்தான் கிடைத்தது. மூன்று நட்சத்திரம் என்பது விருந்துக்குப் போய்வந்தவன் 'சாப்பாடு சூடாக இருந்தது' என்று சொல்வதுபோல.

ஐந்தாவது வருடத்துக் கடைசி நாள், நானும் அவனும் ஒரு மீன் வறுவல் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். அவன் முகம் போட்டிருந்த துண்டுச்சீட்டுகள் தெருவில் நனைந்து கிடந்தன. ஜனங்கள் அவன் மூக்கின்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கார். ஏன்?"

"அதான் உன் பிரச்சினை."

அவன் வறுவலை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். "லெஸ், அவருக்கு அறுபத்தெட்டு வயசு. நேத்துகூட அறுபது கிலோ பெட்டியைத் தூக்கியிருக்கார். அவருக்கு ஜலதோஷம்கூட வராது."

"மேடையில வந்தாப் போதும்."

அவனுடைய அம்மாவைச் சாகடித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அந்தம்மா கம்பளம் விற்கிற ஒருவரோடு டெனரீஃப் தீவுக்குப் போய் இருபது வருடமாகிறது. அவளிடம் கெட்டிக்கார வக்கீல் ஒருவன் இருந்தான். வக்கீல் வைத்திருப்பவர்களை மேடையில் சாகடிக்கக் கூடாது.

அந்தக் குளிர்காலத்தில் டீன் அப்பாவைச் சாகடித்துப் பழகினான். அரைகுறை நிகழ்ச்சியைச் சின்னச் சின்ன மது விடுதிகளின் பின்கட்டில் முப்பது நாற்பது பேர் முன்னால் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் தொழில்முறை. லீட்ஸில் ஒரு தடவை, நார்விச்சில் ஒரு தடவை, பாத் நகரில் இரண்டு தடவை வில்ஃப் செத்தார். பாத்தில் நன்றாகச் செத்தார். லீட்ஸில் செத்ததுதான் வினையாகப் போனது. அந்த முப்பது பேரில் ஒருத்தி, போல்டன் சந்தையில் பன்றி ரத்தத்தில் செய்யும் கறுப்புப் புட்டிங்கும் ஈரலும் விற்கிற மேவிஸின் தங்கை மகள். மறுநாள் காலை அந்தப் பெண் ஒரு கட்டு வெள்ளை லில்லிப் பூவோடு பீங்கான் கடைக்கு வந்து நின்றாளாம்.

"யாரு கண்ணு போயிட்டா?" என்று கேட்டிருக்கிறார் வில்ஃப்.

"நீங்கதான் மாமா."

வில்ஃப் பூவை வாங்கித் தண்ணீர் ஜாடியில் போட்டார். பதினோரு மணிக்குள் ஜாடியோடு சேர்த்து விற்றுவிட்டார். பிறகு எனக்கு போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. பொணம் சமைக்குது."

மாட்டிறைச்சி, யார்க்ஷயர் புட்டிங், உருளைக்கிழங்கு, கெட்டியான குழம்பு. வில்ஃப் முதலில் தன் தட்டைக் காலியாக்கினார். பேரம் பேசப்போகிறவன் பசியோடு உட்காரமாட்டான். தட்டை நகர்த்திவிட்டு மகனைப் பார்த்தார்.

"எதுல செத்தேன்?"

"மாரடைப்புப்பா. ஆஸ்பத்திரியில."

"பக்கத்துல எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான்."

"ஒரே ஒரு ஆளுக்கு முன்னாடியா? நாப்பது வருஷமா இருபது பேராவது சேராம நான் வாயைத் தொறந்ததில்லடா. சாவுக்குப் போயி ஒத்தை ஆளா?"

"அப்பதான் உருக்கமா இருக்கும்."

"சரி, என்ன சொல்லிட்டுச் செத்தேன்?"

டீன் என்னைப் பார்த்தான். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். அவன் மெல்லச் சொன்னான்: "நீங்க கடையில கூவுவீங்கள்ல, 'இருபது பவுண்டு கேக்கல, பதினைஞ்சு கேக்கல, பத்துகூடக் கேக்கல'ன்னு. அதை ஆஸ்பத்திரிக் கட்டில்ல சொல்றீங்க. 'பத்துகூடக் கேக்கல'ன்னு சொல்லிட்டு என் கையைப் பிடிக்கிறீங்க. அப்படியே கண்ணு மூடிருது."

"வெலை?"

"விலையைச் சொல்றதுக்கு முன்னாடியே போயிடறீங்க."

வில்ஃப் நாற்காலியில் சாய்ந்தார். செத்ததுகூட அவருக்கு அவ்வளவு உறைக்கவில்லை, இதுதான் உறைத்தது. "எந்த வியாபாரியாவது வெலை சொல்லாம சாவானாடா? சுத்தி நிக்கறவன் சரக்கைச் சும்மா அள்ளிட்டுப் போயிருவான். என்னைச் சாகடி, பரவாயில்ல. முட்டாளா ஏன் சாகடிக்கிற?"

"அதுதான் வில்ஃப் ஜனங்களை அழவைக்குது," என்றேன்.

"நீ அழுவே. துணிக்காரன் மகன்தானே. உங்கப்பன் மீட்டருக்கு ரெண்டு அங்குலம் திருடினதை நெனச்சு இந்தச் சந்தையே அழுதிருக்கு."

கணக்குத் தப்பு. அது மூன்று அங்குலம்.

"சரி," என்றார் வில்ஃப். "நான் செத்தா உனக்குப் பரிசு, இவனுக்குக் கமிஷன். எனக்கு?"

டீன் புதுக் கார் வாங்கித் தருவதாகச் சொன்னான். செத்தவனுக்குக் கார் எதுக்கு என்றார். ஸ்பெயினில் பத்து நாள் என்றான். செத்தவன் போகிற இடம் அதைவிடச் சூடு என்றார். பிறகு விலையைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் மதியம் இங்க வந்து உக்காந்து சாப்பிடணும்."

"மாசத்துக்கு ஒண்ணுப்பா."

"மூணு."

"ஒண்ணு. கிறிஸ்துமஸ் தனி."

"சாகறது நானு. ரெண்டு. அதுக்குக் கீழ போனா நான் நாளைக்கே எடின்பரோவுக்கு ரயில் ஏறி முன்வரிசையில உக்காந்துக்குவேன்."

இரண்டில் முடிந்தது. அடுத்தது எல்லைப் பிரச்சினை. எங்கெங்கே செத்தவர், எங்கெங்கே உயிரோடு இருப்பவர்? போல்டனில் சாகமுடியாது, கடை இருக்கிறது. பிளாக்பூலில் சாகமுடியாது, அவர் தங்கை இருக்கிறாள். மான்செஸ்டருக்குத் தெற்கே முழுக்கச் செத்தவர், வடக்கே எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் மட்டும் செத்தவர் என்று ஒப்புக்கொண்டார். தெற்கே ஒரே ஒரு இடம் விதிவிலக்கு, ஸ்டோக். "தட்டெல்லாம் அங்கதான் வாங்கறேன். பொணத்துக்கு எவன் சரக்கு அனுப்புவான்?"

அப்பாவும் மகனும் உள்ளங்கையில் துப்பிக் கையடித்துக்கொண்டார்கள். சந்தையில் அதற்குமேல் பத்திரம் கிடையாது.

ஆகஸ்டில் டீன் அந்த ஆண்டின் சிறந்த நிகழ்ச்சிக்கான பரிசை வாங்கினான். நாற்பதாவது நிமிடத்தில் மூன்று விமர்சகர்கள் அழுதார்கள். நான்காவது ஆள் எழுந்து வெளியே போனார். அவரும் அழத்தான் போனார் என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டோம். அந்த வருடம் இறுதிச் சுற்றுக்கு வந்த ஆறு பேரில் நான்கு பேருக்கு நாற்பதாவது நிமிடத்தில் அப்பா போனார். எங்களுடையவருக்குத்தான் கடைசி வார்த்தை நன்றாக அமைந்திருந்தது.

அதன்பிறகு ஏறுமுகம்தான். முதலில் நாலு பேர் மேஜையில் உட்கார்ந்து செய்தியைக் கிண்டலடிக்கிற நிகழ்ச்சியில் ஓர நாற்காலி. அப்புறம் நடு நாற்காலி. அப்புறம் ஓய்வூதியக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே பார்க்கிற மதிய வினாடிவினா. ஐந்து பேர் எழுதியது திரையில் ஓடும். டீன் அதைப் படிப்பான். அவனாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். போட்டிக்கு வந்த ஒருத்தி 'என் காலஞ்சென்ற கணவர்' என்று ஆரம்பித்தால், டீன் அவள் முழங்கையைத் தொட்டு இரண்டு வினாடி பேசாமல் இருப்பான். இழப்பு தெரிந்த ஆள், பார்த்தாயா என்று நாடு சொன்னது. அந்த இரண்டு வினாடியை மட்டும் வைத்து நான் நான்கு ஒப்பந்தம் போட்டேன்.

போல்டன் என்ன செய்தது என்றால், வாயை மூடிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. அந்த ஊர் ஒரு முழு அப்பனையே நட்டநடுச் சந்தையில் வைத்து மறைத்தது. காரணம் வில்ஃப்மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன்காரன் ஏமாறுகிறான் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் எத்தனை வருடமும் ரகசியம் காப்பார்கள். சம்பளம்கூடக் கேட்கமாட்டார்கள்.

ஞாயிறு மட்டும்தான் தேய்ந்தது. முதல் வருடம் மாதம் இரண்டு. அடுத்த வருடம் ஒன்று. பிறகு ஞாயிறு ஒளிப்பதிவு, ஞாயிறு விருது விழா, ஞாயிறு யாரோ ஒருவருடைய படகு. டீன் வருவதற்குப் பதிலாகப் பெரிய கூடைகளை அனுப்பினான். வெண்ணெய்க்கட்டி, ஒயின், பேர் தெரியாத பிஸ்கட். வில்ஃப் அவற்றை மேவிஸ் கடையில் வைத்து விற்றார். கடைசி மூன்று வருடம் டீன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் நினைவுபடுத்தினேனா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கமிஷன் கிடையாது.

போன வசந்தத்தில்தான் அந்தப் பெரிய வாய்ப்பு வந்தது. சனிக்கிழமை மாலை ஏழு மணி. பிரிந்துபோன குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடித்து மேடையில் சேர்த்துவைக்கிற நிகழ்ச்சி. அந்த நேரம் கிடைத்தால் பத்து வருடத்துக்கு அசைக்கமுடியாது. கிடைக்காவிட்டால் நாற்பது வயது டீன் மதிய வினாடிவினாவிலேயே நரைக்கவேண்டியதுதான். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று டீன். இன்னொன்று, பழைய ரக்பி வீரர் ஒருவர். பல் நன்றாக இருக்கும். உயிரோடிருக்கிற அப்பாவும் அம்மாவும், பாவம்.

சேனல் தீர்மானிப்பதற்கு முன் இரண்டு பேரையும் வைத்து ஒரு சின்னப் படம் எடுத்துப் பார்க்க நினைத்தது. டீனுக்கு அவர்கள் யோசித்த படம் இது: பிறந்த ஊர்ச் சந்தைக்குத் திரும்புகிறான். அப்பாவின் நினைவாக ஒரு பெஞ்சைத் திறந்துவைக்கிறான். நம் நாட்டில் செத்தவர்களுக்குச் சொர்க்கம் உண்டோ இல்லையோ, பூங்காவில் பெயர் பொறித்த ஒரு பெஞ்சு உண்டு.

நான் வில்ஃபுக்கு போன் செய்தேன். "செவ்வாய்க்கிழமை ஒருநாள் பிளாக்பூல்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

"செவ்வாய் சந்தை நாளுடா. நான் நெசமாவே செத்தாலும் செவ்வாய்க்கிழமை கடை தொறந்திருக்கும்."

"லண்டன்ல இருந்து வர்றாங்க வில்ஃப்."

"லண்டன்காரனுக்கு நான் செத்தவன். செத்தவனை எப்படிப் பார்ப்பான்?"

கடைசியில், வில்ஃபின் கடையை எடுத்து நடத்துகிற ஆர்தர் என்கிற பழைய சிநேகிதராக இருக்க ஒப்புக்கொண்டார். அதற்குக் கூலி எதுவும் கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்கவேண்டும்.

செவ்வாய்க் காலை ஐந்து பேர் கேமராவோடு வந்து இறங்கினார்கள். தயாரிப்பாளர் ஜெமைமா என்கிற பெண். முப்பது வயதிருக்கும். விலை உயர்ந்த ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். சேறு அவளைக் கண்டு ஒதுங்கியது. மீன்கடைக்கும் மேவிஸ் கடைக்கும் நடுவில் பெஞ்சு, அதன்மேல் நீலத் துணி. நகராட்சிக்காரர் ஒருவர் கழுத்தில் பதவிச் சங்கிலி போட்டு வந்திருந்தார்.

சந்தை தயாராகத்தான் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. ஜெமைமா யாரிடம் கேட்டாலும் துக்கம் அளவு குறையாமல் கிடைத்தது. வில்ஃபின் சவப்பெட்டியை நான்கு பேர் தூக்கியதாக ஏழு பேர் சொன்னார்கள். மீன்காரர், கல்லறைத் தோட்டத்தில் பனி பெய்ததாகச் சொன்னார். டீனின் கதைப்படி அப்பா போனது ஜூலையில். மேவிஸ் கேமரா வருவதற்கு முன்பே அழுது முடித்துவிட்டதால், வந்தபோது கண்ணீர் இல்லாமல் வெங்காயம் தேடினாள்.

துணியை விலக்கினார்கள். பித்தளைத் தகட்டில் எழுதியிருந்தது: 'வில்ஃப் ஹிண்டில், பீங்கான் வியாபாரி. கடைசி விலையைச் சொல்லாமல் போனவர்.' வில்ஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். தாடை ஒருமுறை அசைந்தது.

ஜெமைமா அந்தத் தாடையைப் பார்த்துவிட்டாள். "ஐயா, உங்களுக்கு அவரை நல்லாத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. அவனை என்னளவுக்குத் தெரிஞ்சவன் யாரும் இல்ல."

"டீன்கூட பெஞ்சுல உக்காந்து பேசறீங்களா?"

நான் குறுக்கே போனேன். ஆர்தருக்குக் காது கேட்காது என்றேன். "எனக்கா?" என்றார் வில்ஃப். "நீ அங்க நின்னுக்கிட்டு மனசுக்குள்ள கணக்குப் போடறது வரைக்கும் கேக்குதுடா."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அப்பாவும் மகனும் ஒரே பலகையில். டீன் கோட்டின் பொத்தானைச் சரிசெய்தான். கேமரா ஓடியது.

"எங்கப்பா எப்படிப்பட்ட ஆள், ஆர்தர்?" என்றான் டீன்.

"கருமி. வாயாடி. தட்டை ஆகாசத்துல வீசிப் பிடிப்பான். ஒண்ணுகூட உடைஞ்சதில்ல. உடைஞ்சதை எல்லாம் மகன்கிட்ட சொல்லமாட்டான்."

கூட்டம் சிரித்தது. டீனும் சிரித்தான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அவன் கை தானாக நகர்ந்து வில்ஃபின் முழங்கையைத் தொட்டது. இரண்டு வினாடி பேசாமல் இருந்தான். சொந்த அப்பாவின் முழங்கை. பழக்க தோஷம்.

வில்ஃப் அந்தக் கையைப் பார்த்தார். தொலைக்காட்சியில் பலமுறை பார்த்த கை.

"கடைசி நாட்கள்ல எப்படி இருந்தார்?" என்று கேட்டான் டீன். ஜெமைமாவின் காகிதத்தில் இருந்த கேள்வி அது.

"கடைசி நாளா," என்றார் வில்ஃப். குரலை உயர்த்தவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில உருளைக்கிழங்கு உரிப்பான். ரெண்டு பேருக்கு. ரெண்டு தட்டு வைப்பான், நல்ல தட்டு, கடையில விக்காத தட்டு. மூணு மணி வரைக்கும் சன்னலைப் பார்ப்பான். அப்புறம் ரெண்டு பங்கையும் அவனே தின்னுட்டு, வயிறு சரியில்லன்னு திங்கக்கிழமை மேவிஸ்கிட்டச் சண்டை போடுவான். மூணு வருஷமா இப்படிச் செத்தான். ஆஸ்பத்திரியெல்லாம் இல்ல தம்பி. சன்னல்கிட்டத்தான்."

நாற்பது வருடம் அவர் கூவுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் சரக்கை விற்கும்போது எப்படி இருக்கும், விற்காதபோது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று தெரியவில்லை.

டீன் வாயைத் திறந்தான். திரையில் எதுவும் ஓடவில்லை. எழுதிக் கொடுக்க ஐந்து பேர் இல்லை. பக்கத்தில் குப்பை லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது, கீ, கீ என்று.

"இவர் ஆர்தர் இல்ல," என்றான். "இவர்தான் எங்கப்பா. வில்ஃப். அவர் சாகல. ஒரு பரிசுக்காக நான்தான் சாகடிச்சேன். ஒன்பது வருஷமா..." அவன் மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை. முகம் நன்றாகவே இல்லை. எங்கள் தொழிலில் அந்த முகத்தை யாரும் வெளியே காட்டமாட்டார்கள். "ஞாயித்துக்கிழமை வரலப்பா. வரல."

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். நகராட்சிக்காரர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. வில்ஃப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"மூக்கைத் தொடைச்சுக்கடா. ஊரு பாக்குது."

நான் மனதுக்குள் சனிக்கிழமைக்குப் பிரியாவிடை கொடுத்துக்கொண்டிருந்தேன். ரக்பி வீரரின் பற்கள் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின. அவருக்கு ஏஜென்ட் யார் என்றும் யோசித்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஜெமைமா ஒலிப்பதிவாளரைத்தான் முதலில் பார்த்தாள். "சத்தம் தெளிவா வந்துச்சா?"

"குப்பை லாரிதான் வந்துச்சு," என்றான் அவன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் பின்னால் போனாள். பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அப்பாவும் மகனும் பெஞ்சில்தான் இருந்தார்கள். மேவிஸ் இரண்டு கோப்பை டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஜெமைமா திரும்பியபோது கன்னம் சிவந்திருந்தது. "சேனல்ல ரொம்ப ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள் என்னிடம். "பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற நிகழ்ச்சி. முதல் வாரமே தொகுப்பாளரோட சொந்த அப்பா. இதை நாங்க யோசிச்சிருந்தாக்கூட வந்திருக்காது."

"அவன் பொய் சொன்னதைப் பத்தி?"

"அது நேர்மைங்க. இப்ப சொல்லிட்டார்ல. ஒரே ஒரு விஷயம், 'பரிசுக்காக'ன்னு வேணாம். 'வலி தாங்காம'ன்னு சொல்லட்டும்."

"என்ன வலி?"

"பொதுவான வலி," என்றாள்.

சந்தையில் பிறந்தவனுக்கு, வாங்குகிறவன் முடிவு செய்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளத் தெரியவேண்டும். மூடிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை எடுத்தார்கள். டீன் நன்றாக அழுதான். ஆனால் பின்னால் மேவிஸ் ஒரு தட்டு ஈரலோடு நடந்துபோனாள். மூன்றாவது தடவை டீன் முழங்கையைத் தொடுவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டான். ஒழுங்கு கெட்டது. வில்ஃப் மட்டும் சளைக்கவில்லை. மூன்றாவது தடவை உருளைக்கிழங்கோடு குழம்பையும் சேர்த்தார், ஆறிப்போய் ஆடை கட்டிய குழம்பு. ஜெமைமா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். நான்காவது தடவை எல்லாம் அமைந்தது. வெயில் வந்தது. லாரி போயிருந்தது. டீன் தொட்டான், இரண்டு வினாடி விட்டான், சொன்னான். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர், கேமரா இருந்த பக்கத்துக் கண். மூக்கு சுத்தமாக இருந்தது.

அந்த நான்காவதுதான் நீங்கள் எல்லாரும் பார்த்தது. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் வந்தது.

ஆட்கள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது டீன் பீங்கான் கடைக்கு வந்தான். லண்டன் போகிற கார் வாசலில் காத்திருந்தது. முகத்தில் பூசிய மாவு இன்னும் கழுத்தோரம் இருந்தது.

"அப்பா, எந்தத் தடவை நல்லா வந்துச்சு?"

வில்ஃப் ஒரு கிண்ணத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். "நாலாவதுடா. சுத்தமா இருந்துச்சு. எடுக்கற எடத்துல எடுத்து, வைக்கற எடத்துல வச்சே."

டீன் முகம் மலர்ந்தது. பரிசு வாங்கிய அன்று பார்த்த அதே மலர்ச்சி. அப்பாவின் தோளில் தட்டினான். போன் செய்கிறேன் என்றான். கார் கிளம்பியது.

நான் நின்றேன். போயிருக்கலாம். கிண்ணத்தைச் சுற்ற ஒரு தாள் எடுத்துக்கொடுத்தேன்.

"கோபமா வில்ஃப்?"

"எதுக்கு?"

"நாலு தடவை சொல்லவச்சோமே. இந்த மாதிரி விஷயத்தை."

"நாலாவதை அவங்க எடுத்துக்கட்டும். ரெண்டையும் மூணையும் வேணும்னா இனாமா வச்சுக்கட்டும்," என்றார். "மொதத் தடவை சொன்னான் பாரு, மூக்கு ஒழுக, குப்பை லாரிச் சத்தத்துல. அது விக்கறதுக்கு இல்ல."

ஒரு அம்மாள் டீ கோப்பை ஒன்றை எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்த்தாள். வில்ஃப் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளிடம் போனார்.